புற்றணுவும் அதைச் சுற்றியுள்ள வலையும்

நான்காம் படிவ உயிரியலில் உயிரணுப் பிரிவு பாடத்தின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் வரும். மரபணுவில் கோளாறு ஏற்படுகிறது, உயிரணு கட்டுப்பாடின்றிப் பிரிகிறது, கட்டி உண்டாகிறது என்று மூன்று வரியில் முடிந்துவிடும். எஸ்.பி.எம். தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விக்கு அந்த மூன்று வரியில் பதில் இல்லை.

"டீச்சர், நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல் பிரியுது. அதில் சிலவற்றிலாவது தப்பு நடக்காமலா இருக்கும்? அப்படியென்றால் எல்லாருக்கும் ஏன் புற்றுநோய் வருவதில்லை?"

நல்ல கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, டி.என்.ஏ.வில் ஏற்படும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது. மற்றொன்று, கெட்டுப்போன உயிரணுக்களை நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுபிடித்து அழிக்கிறது. இரண்டும் சரியே. பாடநூலில் அதிகம் பேசப்படாத மூன்றாவது பதில் ஒன்றும் உண்டு. அதைக் கோழிக்குஞ்சுகளையும் எலிகளையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

முதலில் சமையலறைக்குப் போவோம். ஆட்டுக்கால் சூப் மீதமிருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம். மறுநாள் காலையில் அது அகர் அகர் போல உறைந்து கிடக்கும். சூப்பில் யாரும் அகர் அகர் போடவில்லையே! எலும்பு, தோல், தசைநார் ஆகியவற்றில் இருந்த கொலாஜன் என்ற புரதம் கொதிநீரில் கரைந்து, ஆறியதும் கூழாகிவிட்டது. கொலாஜன் உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கும் பொருள் அன்று. உயிரணுக்கள் அதை உற்பத்தி செய்து வெளியே தள்ளுகின்றன. வெளியே அது நார்நாராகச் சேர்ந்து, லேமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற வேறு புரதங்களோடும் ஹயலூரோனிக் அமிலம் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளோடும் பின்னி ஒரு வலையாகிறது. இந்த வலைக்கு எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்று பெயர். இக்கட்டுரையில் சுருக்கமாகப் 'புறவலை' என்போம். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொலாஜன்தான் என்றால் இது எவ்வளவு பெரிய வலை என்று பாருங்கள்.

(கடைகளில் விற்கும் கொலாஜன் பானத்தைக் குடித்தால் இந்த வலை கூடிவிடுமா என்று உடனே கேட்பீர்கள். குடித்த கொலாஜன் முட்டை, மீன் புரதத்தைப் போலவே குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் செரிக்கப்படுகிறது. அது நேராகப் போய் வலையில் ஒட்டிக்கொள்வதில்லை.)

நீண்ட காலமாக இந்த வலையை வெறும் சாரக்கட்டு என்றே கருதி வந்தார்கள். கட்டடத்தைத் தாங்கும் மரக்கழிகள் கட்டடத்துக்குள் வசிப்பவர்களிடம் எதுவும் பேசுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் நினைத்தார்கள். அந்த எண்ணம் மாறியதற்கு ஒரு கோழி காரணம்.

1909-ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்துக்கு மார்பில் கட்டியுள்ள பிளைமவுத் ராக் இனக் கோழி ஒன்று வந்தது. பெய்ட்டன் ரௌஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்தக் கட்டியை அரைத்து, உயிரணுக்களோ பாக்டீரியாவோ நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடிகட்டினார். வடிந்த நீரை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. புற்றுக்கட்டியை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறது என்று 1911-இல் அவர் வெளியிட்ட முடிவைப் பல ஆண்டுகள் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1966-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 87.

ரௌஸ் சார்கோமா வைரஸ் என்று பெயர் பெற்ற அந்த வைரஸில், உயிரணுவைப் புற்றணுவாக மாற்றும் 'சார்க்' என்ற மரபணு இருப்பது 1970-களில் தெரிந்தது. ஆய்வகத் தட்டில் வளரும் கோழி உயிரணுக்களில் வைரஸ் புகுந்தால் அவை விரைவில் உருமாறிப் புற்றணுக்களின் குணத்தைக் காட்டும். ஆகவே ஒரே ஒரு கெட்ட மரபணு போதும், புற்றுநோய் வந்துவிடும் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள்.

ஈரானில் பிறந்து அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய மினா பிசெல் இதை ஏற்கவில்லை. அவரும் அவருடைய மாணவர் டேவிட் டோல்பெர்க்கும் எளிய சோதனை ஒன்றைச் செய்து 1984-இல் வெளியிட்டார்கள். தட்டில் வளரும் உயிரணுக்களுக்குப் பதிலாக, முட்டைக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் கோழிக்கருவின் சிறகில் அதே வைரஸைச் செலுத்தினார்கள். கருவில் கட்டி வரவில்லை. வைரஸ் வேலை செய்யவில்லையோ என்று சோதித்தார்கள். வைரஸ் உயிரணுக்களுக்குள் பெருகியிருந்தது, சார்க் மரபணுவும் இயங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் சிறகு சிறகாகவே வளர்ந்தது.

அடுத்த படிதான் முக்கியம். அந்தச் சிறகுத் திசுவை எடுத்து, உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தட்டில் வளர்த்தார்கள். அதுவரை ஒழுங்காக இருந்த அதே உயிரணுக்கள் புற்றணுக்களாக உருமாறின. மரபணு அதேதான், உயிரணுவும் அதேதான். மாறியது அவை இருந்த இடம் மட்டுமே.

குஞ்சு பொரித்த பிறகு நிலைமை வேறு. பொரித்த குஞ்சின் ஒரு சிறகில் வைரஸைச் செலுத்தினால் அங்கே கட்டி வரும். வைரஸ் இரத்தத்தோடு உடல் முழுதும் சுற்றினாலும் மற்ற இடங்களில் கட்டி தோன்றுவதில்லை. ஏன் ஊசி குத்திய இடத்தில் மட்டும்? பிசெலின் குழு அடுத்த சிறகில் ஒரு காயத்தை ஏற்படுத்திப் பார்த்தது. வைரஸ் செலுத்தப்படாத அந்தச் சிறகிலும் காயம் பட்ட இடத்தில் கட்டி தோன்றியது. 1985-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, காயம் ஆறும்போது சுரக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைச் செலுத்தினாலே, காயமில்லாமலும் கட்டி வரும் என்று 1990-இல் காட்டினார்கள். காயம் ஆறுவது என்றால் என்ன? கிழிந்த புறவலையைக் கலைத்துவிட்டு, புதிதாகப் பின்னுவது. வீட்டைப் பழுதுபார்க்கும்போது கதவைக் கழற்றி வைத்த மாதிரி ஒரு நேரம் அது.

இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. "கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்று சொல்லித் திசுச் சோதனைக்கே போகாமல் தள்ளிப்போடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். இந்தச் சோதனையைப் படித்துவிட்டு அதற்கு அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குஞ்சுகளின் இரத்தத்தில் புற்று வைரஸ் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அது கோழிகளின் வைரஸ். மனிதருக்கு வந்த கட்டி என்ன வகை என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும், அதற்குத் திசுச் சோதனை தேவை. வீட்டில் யாராவது கட்டியை மறைத்து வைத்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

சரி, கோழிக்கருவுக்குத் திரும்புவோம். கூர்ந்து படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிறகைப் பிரித்தபோது புறவலை மட்டுமா கலைந்தது? பக்கத்து உயிரணுக்களோடு இருந்த தொடர்பும் அறுந்தது. கருவில் சுரக்கும் மற்ற பொருள்களும் இல்லாமல் போயின. ஆகவே 'இடம் முக்கியம்' என்பதை இந்தச் சோதனை காட்டுகிறதே தவிர, 'புறவலைதான் காரணம்' என்பதை இது தனியாக நிரூபிக்கவில்லை. அதற்குப் புறவலையை மட்டும் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அதற்கு வழி எலியிடமிருந்து வந்தது. எலிகளில் வளரும் ஒருவகைக் கட்டி, புறவலைப் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. குறிப்பாக, லேமினின் நிறைந்த அடித்தளப் படலத்தின் பொருளை. அடித்தளப் படலம் என்பது தோல், பால்சுரப்பி, குடல் போன்ற உறுப்புகளில் உயிரணு வரிசைக்குக் கீழே விரிக்கப்பட்ட மெல்லிய பாய். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு அளவே அதன் தடிப்பு. அந்தக் கட்டியிலிருந்து எடுத்த பொருளைக் கூழாக்கி அதற்குள் உயிரணுக்களை வளர்க்கலாம். தட்டையான பிளாஸ்டிக்கில் கிடப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சிமெண்டுத் தரையில் படுப்பதற்கும் மெத்தையில் படுப்பதற்கும் உள்ள வேறுபாடு.

டென்மார்க்கின் ஓலே பீட்டர்சனும் பிசெலும் 1992-இல் மனித மார்பக உயிரணுக்களை இந்தக் கூழில் வளர்த்தார்கள். தட்டையான பிளாஸ்டிக்கில் இயல்பான உயிரணுவையும் புற்றணுவையும் பிரித்தறிவது எளிதன்று. கூழுக்குள் அவை உடனே தங்கள் குணத்தைக் காட்டின. இயல்பானவை சில முறை பிரிந்து, சிறு உருண்டையாக அடுக்கிக்கொண்டு, பிரிவதை நிறுத்தின. புற்றணுக்கள் நிற்காமல் பிரிந்து ஒழுங்கற்ற குவியல்களாயின. சுற்றிலும் இருந்த வலை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் புற்றணு அந்த வலை சொல்வதைச் சரியாகக் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? உயிரணுவின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒரு முனை வெளியே புறவலையைப் பிடித்திருக்கும், மறுமுனை உயிரணுவின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே வலை இழுபட்டால் உள்ளே செய்தி போகும். சில புற்றணுக்களில் ஒருவகை இன்டெக்ரின் அளவுக்கு மீறிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. பிசெலின் ஆய்வகத்தில் இருந்த வேலரி வீவர், அந்த இன்டெக்ரினை ஓர் எதிர்ப்புரதத்தால் அடைத்துப் பார்த்தார். புற்றணுக்கள் குவியலாக வளர்வதை விட்டு, இயல்பானவற்றைப் போல் உருண்டையாக அடுக்கி, பிரிவதை நிறுத்திக்கொண்டன. மரபணுக் கோளாறுகளில் ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை. எதிர்ப்புரதத்தை எடுத்துவிட்டு மீண்டும் வளர்த்தால் பழைய குணம் திரும்பிவிட்டது.

கூழில் நடந்தது உடலுக்குள்ளும் நடக்குமா? இதற்குத்தான் விலங்கு வேண்டும். தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் முடியற்ற எலிகள் மனித உயிரணுவை அந்நியப் பொருளென்று விரட்டுவதில்லை. எதிர்ப்புரதம் கொடுத்த புற்றணுக்களையும் கொடுக்காதவற்றையும் அந்த எலிகளில் வைத்தபோது, கொடுத்தவை உண்டாக்கிய கட்டிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைவாக இருந்தன. இந்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது.

வீவர் பிறகு தனி ஆய்வகம் தொடங்கி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கையிலெடுத்தார். வலை எதனால் ஆனது என்பதோடு, அது எவ்வளவு கெட்டியானது என்பதும் முக்கியமா?

அகர் அகர் செய்யும்போது தண்ணீருக்கு ஏற்ற தூள் போட்டால் மெதுவாக இருக்கும், தூள் கூடினால் கடிக்க வேண்டியிருக்கும். திசுவின் கெட்டித்தன்மையையும் அளக்கலாம். இயற்பியலில் அழுத்தத்துக்குப் பயன்படுத்தும் பாஸ்கல்தான் இதற்கும் அலகு. எலியின் இயல்பான பால்சுரப்பி சுமார் 170 பாஸ்கல் என்றும், அங்கு தோன்றிய கட்டி சுமார் 4,000 பாஸ்கல் என்றும் 2005-இல் அவருடைய குழு கண்டது. இருபது மடங்குக்கு மேல்! மார்பகப் புற்றுக்கட்டிகள் பல கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதற்குப் புற்றணுக்களைவிட அவற்றைச் சூழ்ந்த கொலாஜனே பெரிய காரணம்.

ஆனால் கட்டி வந்ததால் கெட்டியானதா, கெட்டியானதால் கட்டி வந்ததா? இதைப் பிரித்தறிய வலையை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு குழுக்கள் இரண்டு விதமாகச் செய்தன.

அமெரிக்காவின் விஸ்கான்சினில், கொலாஜனை வெட்ட முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளை எடுத்துக்கொண்டார்கள். உடல் பழைய கொலாஜனை வெட்டி அகற்றிக்கொண்டே இருக்கும். இந்த எலிகளில் அது முடியாததால் கொலாஜன் சேர்ந்துகொண்டே போகும். மார்பகப் புற்று வரும் இன எலிகளோடு இவற்றைக் கலந்தபோது, கொலாஜன் மிகுந்த எலிகளில் கட்டிகள் ஏறத்தாழ மூன்று மடங்காயின. நுரையீரலுக்குப் பரவுவதும் கூடியது. 2008-இல் வந்த முடிவு இது.

வீவரின் குழு எதிர்த்திசையில் போனது. கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைப்பது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. இரண்டு நீளக் கம்புகளுக்கு இடையே குறுக்குச் சட்டம் அடித்து ஏணி செய்கிறோமே, அந்த வேலை. சட்டம் கூடக் கூட ஏணி உறுதியாகும். அந்த நொதியைத் தடுத்தபோது எலிகளின் பால்சுரப்பி மெதுவாகவே இருந்தது, கட்டிகள் தாமதமாக வந்தன, எண்ணிக்கையும் குறைந்தது. 2009-இல் இது வெளியானது. ஒரு குழு வலையைக் கூட்டிப் பார்த்தது, மற்றது தளர்த்திப் பார்த்தது. இரண்டும் ஒரே திசையைக் காட்டியதால்தான் இந்த முடிவை நம்ப முடிகிறது.

பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. மேமோகிராம் படத்தில் மார்பகத் திசு மிக அடர்த்தியாகத் தெரியும் பெண்களுக்கு, அடர்த்தி மிகக் குறைந்தவர்களைவிட நான்கு முதல் ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருப்பதாக அவை கூறுகின்றன. இந்த அடர்த்தியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதுவரை படித்ததும், "அப்படியானால் கட்டியைச் சுற்றியுள்ள வலையைக் கரைத்துவிட்டால் வேலை முடிந்ததே!" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆய்வாளர்களுக்கும் தோன்றியது.

கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதி புறவலையும் அதைப் பின்னும் உயிரணுக்களுமே. ஹயலூரோனிக் அமிலம் தண்ணீரை உறிஞ்சி உப்பி, இரத்தக் குழாய்களை நசுக்கிவிடுவதால் மருந்து உள்ளே போவதில்லை. 2012-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், ஹயலூரோனிக் அமிலத்தை வெட்டும் நொதியைக் கணையப் புற்றுள்ள எலிகளுக்குக் கொடுத்தார்கள். நசுங்கிய குழாய்கள் திறந்தன, மருந்து உள்ளே போனது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. அந்த நொதி நோயாளிகளிடம் கடைசிக் கட்டச் சோதனை வரை போனது. கலந்துகொண்டவர்கள் 494 பேர். வழக்கமான மருந்தோடு நொதியும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.2 மாதம், நொதி பெறாதவர்களுக்கு 11.5 மாதம். 2019-இல் முடிவு தெரிந்ததும் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

எலியில் பலித்தது மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை? ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்ட முடியாது. எலியின் கட்டி சில மாதங்களில் வளர்வது, மனிதரின் கட்டி பல ஆண்டுகள் வளர்வது. ஆய்வக எலிகள் ஏறக்குறைய உடன்பிறப்புகள், ஒரே கூண்டு, ஒரே தீவனம், ஒரே மரபணுக் கோளாறு. நோயாளிகள் 494 பேரும் 494 விதம். இரு இடங்களிலும் கூடவே கொடுத்த மருந்துகளும் ஒன்றாக இல்லை.

இன்னொரு காரணத்துக்கான தடயத்தை எலிகளே கொடுத்திருந்தன. 2014-இல் இரண்டு குழுக்கள், கணையக் கட்டியைச் சுற்றி வலை பின்னும் உயிரணுக்களை எலிகளில் வெவ்வேறு வழிகளில் குறைத்துப் பார்த்தன. கட்டி சுருங்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மாறாக, அது இன்னும் மூர்க்கமானது, எலிகள் விரைவில் இறந்தன. மருந்தை உள்ளே விடாமல் தடுத்த சுற்றுச்சுவர் புற்றணுக்களையும் ஓரளவு உள்ளே அடைத்து வைத்திருந்தது போலும். கோழிக்கருவின் சிறகை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் புற்றணுக்கள் அடங்கி இருந்தது, சூழல் கலையாமல் இருந்தவரையில்தான்.

ஆகவே இன்றைய ஆய்வாளர்கள் வலையைக் கரைப்பதைவிட, அதை இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் வழியைத் தேடுகிறார்கள். எவ்வளவு தளர்த்தலாம், எந்த உறுப்பில், நோயின் எந்தக் கட்டத்தில் என்பதெல்லாம் இன்னும் தீராத கேள்விகள். "எலிகளில் புற்றுநோய் முற்றிலும் குணம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், எந்த எலி, எந்தப் புற்று, அதற்குப் பிறகு மனிதரிடம் சோதித்தார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

யோசித்து எழுதுங்கள்:

1. சிறகுக் காயச் சோதனையில், வைரஸ் செலுத்தப்படாத குஞ்சுகளுக்கும் காயம் ஏற்படுத்திப் பார்க்க வேண்டும். ஏன்?

2. எதிர்ப்புரதத்தை எடுத்ததும் புற்றணுக்களின் பழைய குணம் திரும்பியது. அவற்றின் டி.என்.ஏ.வைப் பற்றி இது என்ன சொல்கிறது?

3. லைசில் ஆக்சிடேஸைத் தடுத்த மருந்து, வலையைத் தொடாமல் புற்றணுக்களை நேரடியாகக் கொன்றிருக்கவும் கூடும் அல்லவா? அப்படி நடக்கவில்லை என்று உறுதி செய்ய நீங்கள் என்ன சோதனை செய்வீர்கள்?